வெள்ளவத்தையில் மதியம் அடித்த தொலைபேசி

கொழும்பில் நான் முதலில் கவனித்தது, தமிழர்கள் தமிழை மெதுவாகப் பேசுவதைத்தான். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒருவரிடம் மணி கேட்டால் மூன்றாவது வீட்டிலிருந்து பதில் வரும். இங்கே விமான நிலையத்திலிருந்து என்னோடு வேனில் வந்த தமிழ்க் குடும்பம், சோதனைச் சாவடி கண்ணில் படுவதற்கு முன்பே பேச்சை நிறுத்திவிட்டது. ஓட்டுநர் ரேடியோவை அணைத்தார். ஒரு சிப்பாய் தலையை உள்ளே நீட்டி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் இந்தியப் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வேன் கிளம்பி வெகுதூரம் போன பிறகும் அவர்கள் பேச்சைத் தொடரவில்லை. பாதியில் நின்ற அந்த வாக்கியம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வடக்கே போர் நடந்துகொண்டிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவள். அதுவரை ராமேஸ்வரத்துக்கு அப்பால் போனதில்லை. என் தங்கை கிரேஸை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வரும்படி அப்பா என்னை அனுப்பியிருந்தார்.

கிரேஸின் கணவர் ஜெயராஜ் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ஊர்க் கல்லூரியில் படிக்க வந்தவர், சபையின் பாடகர் குழுவில் சேர்ந்தார். அங்கேதான் கிரேஸைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு கொழும்பில் குடியேறினார்கள். கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புக் கடையில் அவர் கணக்குப் பார்த்தார். நான் போவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பியவர் கடைக்குப் போய்ச் சேரவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றவரை யாரோ வேனில் ஏற்றினார்கள் என்று அங்கே பழம் விற்கிறவர் சொன்னார். மறுநாள் கேட்டபோது, தான் எதையும் பார்க்கவில்லை என்றார். எந்தக் காவல் நிலையத்திலும் அவர் பெயர் இல்லை.

கிரேஸின் வீடு வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெரிய சாலையிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்தது. ஒழுங்கை முடியும் இடத்தில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மா மகேஸ்வரி அன்ரி. பிள்ளைகள் எல்லாரும் கனடாவில். மேல்தளத்தில் கிரேஸ் மட்டும். எதிர்வீட்டில் ஆட்கள் யாருமில்லை, ஆனால் மாடி அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. போனவர்கள் அதை நிறுத்த மறந்துவிட்டார்களாம். மின்சாரம் போய்த் திரும்பும்போதெல்லாம் அது தானாகவே மறுபடி சுற்றத் தொடங்கும்.

கிரேஸ் மெலிந்திருந்தாள். என்னைக் கட்டிப் பிடித்தாள், அழவில்லை. இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தாள். எங்கள் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும்தான். இங்கே காரம் காதுவரை ஏறியது. நான் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து அவள் கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நம்பிக்கை வைத்து, ஊருக்குப் போகலாம் என்ற பேச்சை எடுத்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "பிறகு கதைப்போம் அக்கா" என்று எழுந்தாள்.

முகம் கழுவினாள். தலை வாரினாள். கூடத்தின் நடுவே ஒரு முக்காலியில் தொலைபேசி இருந்தது, அதற்கு எதிரே ஒரு நாற்காலி. விருந்தாளியின் முன்னால் உட்காருவதுபோல அவள் அதன் எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது.

அவள் ஹலோ சொல்லவில்லை. ரிசீவரைக் காதில் வைத்து, கண்ணை மூடி, ஜெபிக்கத் தொடங்கினாள்.

"ஆண்டவரே, அவர் எங்க இருந்தாலும் இன்னைக்கு அவருக்குத் தண்ணி குடுங்க. படுக்க ஒரு பாய் குடுங்க. அங்க இருக்கிற யாராவது ஒருத்தருக்கு அவர்மேல இரக்கம் வரட்டும்."

அலங்காரமில்லாத ஜெபம், கடைக்காரரிடம் சாமான் கேட்பதுபோல. முடிந்ததும் ஆமென் சொல்லிச் சற்று நேரம் காதைக் கொடுத்திருந்தாள். பிறகு மெல்ல வைத்தாள். யார் என்று கேட்டேன்.

"இவர்தான். பேச விடமாட்டாங்கபோல. மூச்சு மட்டும் கேக்கும்."

அன்று எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

மறுநாள் காலை பாண் வாங்கக் கடைக்குப் போனேன். நம் ஊரில் காய்ச்சல்காரருக்கு வாங்கும் ரொட்டியை இங்கே பருப்புக்கறியோடு வீடு முழுவதும் சாப்பிடுகிறார்கள். கடைக்காரர் எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் சிங்களத்தில் பேசினார், என்னிடம் தமிழுக்கு மாறினார், அடுத்து ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்ததும் என்னோடும் சிங்களத்திலேயே முடித்தார். திரும்பி வரும்போது மகேஸ்வரி அன்ரி என்னைப் படியில் நிறுத்தினார்.

"பிள்ளை, உங்கட தங்கச்சி நல்ல பிள்ளை. ஆனா அந்த ரெலிபோன் எனக்குப் பயமாக் கிடக்கு. ஒவ்வொரு நாளும் அதோட கதைக்கிறா. மற்றப் பக்கத்தில ஒருத்தரும் கதைக்கிறதில்லை. வீட்டில ஆள் இருக்கோ எண்டு பாக்கிறாங்களோ தெரியேல்லை."

அந்த "அதோட" என்ற சொல் படியேறும்போது என்னோடு ஏறி வந்தது. அன்று மதியம் ஜெபம் முடிந்ததும் கிரேஸ் ரிசீவரை என் காதில் வைத்தாள். மூச்சு கேட்டது. நிதானமான, நெருக்கமான மூச்சு. அதற்குப் பின்னால் எங்கோ இரும்பும் இரும்பும் மோதும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக, தூரத்துக்கு ஓடி மறைந்தது. பிறகு தொடர்பு அறுந்தது.

அது ரயில் பெட்டிகளைக் கோக்கும் சத்தம் என்றாள் கிரேஸ். விசாரித்து வைத்திருந்தாள். இந்த ஒழுங்கையின் முடிவில் ஓடும் ரயிலின் சத்தம் வேறு, இது பெட்டிகளை மாற்றி மாற்றிக் கோக்கும் முற்றத்தின் சத்தம். தெமட்டகொடையில் அப்படி ஒன்று இருக்கிறதாம். அவரை அதன் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்றாள். போய் எதுவும் கிடைக்காவிட்டால் என் பேச்சைக் கேட்பாள் என்று நினைத்து நானும் ஒத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கடலோர ரயிலில் கிளம்பினோம். வேறொரு காலமாக இருந்தால் அந்தப் பாதையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவேன். அலை உயரும்போது ஜன்னலில் தூறல் விழுகிறது. வாசலில் தொங்கிக்கொண்டு அலுவலகக்காரர்கள் பத்திரிகை படிக்கிறார்கள். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் ரயில் நடுவழியில் நின்றது. எங்கள் பெட்டியில் ஓர் இருக்கைக்குக் கீழே ஒரு சாக்குப் பை இருந்தது. யாருடையது என்று சிங்களத்திலும் தமிழிலும் கேட்டார்கள். பதில் இல்லை. எல்லாரும் இறங்கிக் கடலோரக் கற்களின்மேல் நின்றோம். குழந்தைகள்கூட அழவில்லை. ஒரு சிப்பாய் கயிறு கட்டிப் பையை வெளியே இழுத்தார். ஒரு பூசணிக்காயும் குழந்தைச் செருப்பு ஒரு சோடியும் வெளியே விழுந்தன.

யாரும் சிரிக்கவில்லை. என்னுடையது என்று யாரும் சொல்லவும் இல்லை. சொந்தக்காரர் எங்களோடுதான் நின்றிருக்க வேண்டும். ரயில் மறுபடி நகர்ந்தபோது அந்தப் பூசணிக்காய் கற்களின் நடுவே கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

மருதானையில் இறங்கித் தெமட்டகொடைக்கு நடந்தோம். கரி படிந்த மதில், அதை ஒட்டி ரயில்வேக் குடியிருப்புகள், கொடிகளில் துணிகள். துணி காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தி எங்களைப் பார்த்தார்கள். கிரேஸ் யாரையும் பார்க்கவில்லை. மதிலை ஒட்டித் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நடந்தாள். உள்ளே பெட்டிகள் மோதும் சத்தம் வந்தது. அதே சத்தம். அவள் என் கையைப் பிடித்தாள்.

மதில் முடிகிற இடத்தில் ஜன்னல்களைப் பலகையால் அடைத்த ஒரு கட்டடம் நின்றது. கிரேஸ் அதன் சுவரில் உள்ளங்கையை வைத்து, அவர் பெயரை மெதுவாகச் சொன்னாள். உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. தகரம் காற்றில் அடிக்கிறது என்றேன். காற்று இல்லை என்பது எனக்கும் தெரிந்தது. அவள் மறுபடி பெயரைச் சொன்னாள். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காவலாளி வந்து சிங்களத்தில் ஏதோ சொல்லிக் கையால் விரட்டினார். அந்தச் சத்தம் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மதியத்துக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று கிரேஸ் அவசரப்படுத்தினாள். திரும்பினோம். மணி அடித்தது. தண்ணி, பாய், இரக்கம். நான் சமையலறையில் நின்று காதைப் பொத்திக்கொண்டேன்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தோறும் அவள் கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்குப் போவாள். நாங்கள் அந்தச் சபை இல்லை. ஏன் அங்கே என்று கேட்டதற்கு, காத்திருக்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் வருகிறார்கள் என்றாள். உள்ளே போனதும் புரிந்தது. பொட்டு வைத்த தமிழ்ப் பெண்களும், வெள்ளைச் சேலையில் சிங்களப் பெண்களும், ஒரு முஸ்லிம் அம்மாவும் ஒரே மெழுகுவர்த்தி மேடையின் முன் நின்றார்கள். அவ்வளவு பேர் உதடு அசைத்தும் சத்தமே இல்லை. மெழுகு உருகிச் சொட்டுவது மட்டும் கேட்டது. அங்கிருந்த பாதிரியார் ஒருவர் கிரேஸை அடையாளம் கண்டு, தெற்கே முகாம்களில் விசாரிக்க ஆள் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். இதை அவர் ஒவ்வொரு வாரமும் சொல்கிறார் என்று வெளியே வந்ததும் கிரேஸ் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை.

திரும்பி வந்த பஸ்ஸை வழியில் நிறுத்தினார்கள். அடையாள அட்டையைப் பார்த்துத் தமிழர்களை இறக்கினார்கள். கிரேஸை ஒரு சுவரோரமாக வெயிலில் மற்றப் பெண்களோடு உட்காரவைத்தார்கள். நானும் இறங்கிப் பாஸ்போர்ட்டை நீட்டி, அவள் என் தங்கை என்றேன். அந்த அதிகாரி மரியாதையாகவே, நீங்கள் போகலாம், விசாரணை முடிந்ததும் அவரும் வருவார் என்றார். நான் நகரவில்லை. கிரேஸ் கீழேயிருந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் தன்னைப் பற்றிய பயம் இல்லை.

"வீட்ட போங்க அக்கா. போன் வரும். நீங்க எடுத்து ஜெபம் பண்ணுங்க. நான் இல்லைன்னா அவர் பயந்துபோவார்."

நான் அவளை அங்கே விட்டுவிட்டுத் த்ரீவீலரில் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். வீட்டுக்கு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மணி அடித்தது.

மூச்சு. அதன் பின்னால் இரும்பு. ஜெபிக்க வாயைத் திறந்தேன். ஞாயிறுதோறும் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒரு வார்த்தையும் வரவில்லை. கிரேஸ் வெயிலில் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் கண்ணுக்குள் இருந்தது. கடைசியில், "ஜெயராஜ், நான் அக்கா பேசுறேன். நீங்கதானா?" என்றேன்.

மூச்சு நின்றது. பிறகு ஒரு பெண்குரல்.

"இன்னைக்கி அந்த அம்மா இல்லையா?"

யார் என்று கேட்டேன். போனை வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. தயங்கித் தயங்கி, சிங்களம் கலந்த தமிழில் சொன்னாள். பெயர் சோமா. தெமட்டகொடையில் ரயில்வேக் குடியிருப்பில் இருக்கிறாள். அடுத்த வீட்டில் மலையகத்துத் தமிழ்க் குடும்பம் இருந்ததால் கொஞ்சம் தமிழ் வரும். அவளுடைய ஒரே மகன் நிஹால் ராணுவத்தில் இருந்தான். வடக்கே அவனிருந்த முகாம் விழுந்த பிறகு உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. காணவில்லை என்று மட்டும் சொல்கிறார்கள். அந்த ரயில் முற்றத்தில் அவள் கூட்டிப் பெருக்கும் அலுவலக அறையில் மதியம் ஆள் இருப்பதில்லை. ஒருநாள் மகனைப் பற்றி விசாரிக்க அங்கிருந்து போன் செய்தபோது பிழையாகக் குறித்து வைத்திருந்த எண்ணைச் சுழற்றிவிட்டாள். எடுத்தவள் எதுவும் கேட்காமல் அழுதாள், நீங்கள் பேச வேண்டாம், நான் ஜெபிக்கிறேன், கேட்டால் போதும் என்றாள்.

"எல்லாம் வெளங்கல்ல. ஆனா அவங்க தண்ணி கேட்டாங்க. அது வெளங்கிச்சு. என் மகனுக்கும் தண்ணி வேணும்தானே. அதுக்குப் பிறகு அந்தப் பிழையான நம்பருக்கேதான் எடுக்கிறேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள், இனிமேல் அழைக்கமாட்டேன் என்றும் சொன்னாள். அவள் அழுதது கேட்டது. என் தங்கை வந்ததும் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பொழுது சாயும் நேரத்தில் கிரேஸ் வந்தாள். சேலை கசங்கி, உதடு வெடித்திருந்தது. படியிலேயே, போன் வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றேன். குளிக்கவைத்து, தேநீர் கொடுத்து, சாப்பிடவைத்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் இதைச் சொன்னால் அவள் என்னோடு ஊருக்கு வந்துவிடுவாள் என்ற கணக்கும் எனக்குள் இருந்தது.

அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. கடலின் சத்தம்தான் வந்தது.

மறுநாள் காலை அவள் சமைக்கவில்லை. மதியம் நாற்காலியில் உட்காரவும் இல்லை. ஜன்னலோரத்தில் நின்றாள். இனி அழைக்கமாட்டேன் என்று சொன்ன சோமாதான் அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கிரேஸ் திரும்பவில்லை. ஊருக்குப் போகலாம் கிரேஸ், அப்பாவும் உன்னை நினைத்தே மெலிந்துபோனார் என்றேன். அவள் கடலைப் பார்த்தபடியே பேசினாள்.

"இவ்வளவு நாளும் அவர் உயிரோட இருக்கார்னு எனக்குத் தெரியும் அக்கா. தினம் மூச்சு கேட்டேனே. இப்ப ஒண்டும் தெரியாது. ஒண்டும் தெரியாம ஆண்டவரை நம்புறது எப்படின்னு நான் இனித்தான் பழகணும். அதை அங்க வந்து பழக ஏலாது."

மணி மறுபடி அடித்தது. அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தாள். அந்தப் பக்கம் சோமா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கிரேஸ், "உங்கட மகன்ர பெயரைத் திருப்பிச் சொல்லுங்க" என்றாள். பிறகு கண்ணை மூடினாள். அன்று அவள் ஜெபத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. நான் இந்த முறை காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

நான் தனியாகத்தான் ஊர் திரும்பினேன். அப்பா என்னோடு பல நாள் பேசவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, கொட்டாஞ்சேனைப் பாதிரியார் அனுப்பிய ஆள் தெற்கே ஒரு தடுப்பு முகாமில் ஜெயராஜைக் கண்டுபிடித்தார். அதன் பிறகும் மாதங்கள் ஆயின. வீட்டுக்கு வந்தபோது அவருக்கு ஒரு கால் சரியாக மடங்கவில்லை. உள்ளே நடந்ததைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கிரேஸ் போனில் சொன்னாள். அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. சோமாவிடம் எப்படிச் சொல்வது. நிஹாலைப் பற்றி எந்தச் செய்தியும் வந்திருக்கவில்லை. சில நாட்கள் கிரேஸ் வழக்கம்போல இரண்டு பெயர்களையும் சொல்லியே ஜெபித்தாள், பக்கத்தில் அவர் இருமாமல் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அவளால் முடியவில்லை. சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கம் வெகுநேரம் மூச்சு மட்டும். பிறகு சோமா, அவரோடு பேசலாமா என்று கேட்டாள். ஜெயராஜ் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். சோமா கேட்டது கிரேஸுக்கும் கேட்டது.

"மகன், அங்க இருக்கும்போது, திரும்பி வருவேன்னு நெனச்சீங்களா?"

ஜெயராஜ் ரிசீவரை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இல்லை அம்மா. ஒரு நாளும் நினைக்கேல்லை" என்றார். "ஆனா வந்திட்டன்."